தலைதீபாவளிக்குப் போட்ட கம்மோடு

பாத்ரூம் கதவைக் கழட்டிராதீங்க தம்பி. மாட்டினபடியே வச்சு வேலையைப் பாருங்க. இன்னைக்குக் கதவு இல்லாம இந்த இடம் கிடக்கக் கூடாது. ஆளுங்க வர்றாங்க. சம்மந்தி வீட்டு ஆளுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க. அதுக்குள்ள அந்தப் பிளந்த பலகைக்கு ஒரு ஒட்டுப் போட்டு, தாழ்ப்பாள் விழற மாதிரி பண்ணிட்டாப் போதும்.

என்ன, உதைச்ச மாதிரி இருக்கா? ஆமா, உதைச்சதுதான். மறைச்சு என்ன ஆகப் போகுது, தெருவே பார்த்துச்சு. உங்க காதுக்கும் வந்திருக்கும். ஆனா வந்தது தப்பா வந்திருக்கும். எல்லாரும் தப்பாத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம். நீங்க வேலையைப் பாருங்க, நான் சொல்றேன். கதவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல கம்மோடைப் பத்திச் சொல்லணும்.

இந்த வீட்டுல கொல்லையில ஒரு கக்கூஸ் இருக்கு. குந்தி உக்கார்ற கக்கூஸ். எனக்கும் வடிவுக்கும் அது போதும். வடிவு என் வீட்டுக்காரி, சங்கரவடிவு. பாப்பாவும் அதுலதான் வளர்ந்தா. பாப்பான்னா என் மக இந்துமதி, எங்களுக்கு ஒரே பிள்ளை. போன வைகாசியிலதான் கல்யாணம் முடிச்சு சென்னைக்கு அனுப்பினோம். மாப்பிள்ளை பேரு நிரஞ்சன், கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. மறுவீட்டுக்கு வந்தவரு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாரு. திரும்பி வந்து பாப்பா காதுல என்னமோ சொன்னாரு. அன்னைக்கே ரெண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற லாட்ஜுக்குப் போயிட்டாங்க. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை லாட்ஜுல தங்கறாருன்னா என் மானம் என்னத்துக்கு ஆகும்? சம்மந்தி போன் போட்டு, "பையனுக்குச் சின்ன வயசுலருந்தே வெஸ்டர்ன்தான் பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னாரு. தப்பா எடுக்காம வேற எப்படி எடுக்கறது?

அன்னைக்கே முடிவு பண்ணேன். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது இந்த வீட்டுல வெஸ்டர்ன் இருக்கும். இந்த இடம் முன்னாடி ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, பழைய பேப்பர் எல்லாம் கிடக்கும். அதைக் காலி பண்ணி, தரைக்குக் காங்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பவுல்ராஜ் மேஸ்திரியை வச்சு இதைக் கட்டினேன். சின்ன இடம்தான். கதவு உள்பக்கமா திறக்கும், பாருங்க. நல்லா விரியத் திறந்தா கம்மோடுல மோதாம கொஞ்சம்தான் இடைவெளி. கதவைச் சாத்தினா கதவுக்கும் கம்மோடுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கலாம், அவ்வளவுதான் இடம்.

ஸ்க்ரூ போடுங்க தம்பி, ஆணி வேண்டாம். ஆணி அடிச்சா அதிரும். கம்மோடுக்கு அதிர்ச்சி ஆகாது.

கம்மோடு எதுல நிக்குதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. அடியில தரையில குழாய் வாயைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். ஃப்ளாஞ்ச்னு சொல்லுவாங்க. அந்த வளையத்தைக் காங்கிரீட்டோட சேர்த்து முடுக்கியிருப்பாங்க. அதுலருந்து ரெண்டு போல்ட் மேல நிக்கும். கம்மோடை அந்த போல்ட்டுல இறக்கி நட்டுப் போடணும். மேல எவ்வளவு வெள்ளையா பளபளன்னு இருந்தாலும் உயிர் அந்த வளையத்துலதான். அது இரும்புல இருந்தா கவலையில்ல. பவுல்ராஜ் பிளாஸ்டிக்குல போட்டான்.

அவன் போட்டுட்டுப் போனப்புறம் உக்காந்து பார்த்தேன். லேசா ஒரு ஆட்டம். கூப்பிட்டுக் கேட்டா, "தரை கொஞ்சம் மேடுபள்ளம் சார், சந்துல தகடு வச்சிருக்கேன், இதுக்கு மேல முடுக்காதீங்க"ங்கறான். யாருகிட்ட சொல்றான்? மில்லு ஸ்டோர்ல காலமெல்லாம் நட்டு போல்ட்டோட வாழ்ந்தவன்கிட்ட. ஸ்பேனரை எடுத்தேன். ஒரு சுத்து. இன்னும் ஒரு சுத்து. 'கடக்'னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் நட்டு இலகுவாச் சுத்துச்சு. சரி, நல்லாப் போய் உக்காந்துருச்சுன்னு விட்டுட்டேன். என் மேல தப்பில்ல தம்பி. மேஸ்திரி வேலை ஒழுங்கா இருந்திருந்தா நான் ஸ்பேனரைத் தொட்டிருப்பேனா?

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கார்ல வந்து இறங்கினாங்க. பாப்பா இளைச்சிருந்தா. வடிவு கேட்டா, "என்னடி இப்படி ஆயிட்டே?" நான்தான் சொன்னேன், சென்னைத் தண்ணி எல்லாருக்கும் ஒத்துக்காதுன்னு. மாப்பிள்ளையை நேரா இங்க கூட்டிட்டு வந்து லைட்டைப் போட்டுக் காட்டினேன். பார்த்தாரு. "ம்"னாரு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

மறுநாள் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி குடுத்து, சாமி கும்பிட்டு, எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. பலகாரம் சாப்பிட்டுட்டு மாப்பிள்ளை உள்ள போனாரு. நான் வெளியில இதே இடத்துலதான் நின்னேன். பெருமைக்கு நின்னேன்னு வச்சுக்கங்களேன். உள்ள 'டொக்'குன்னு ஒரு சத்தம். "ஏய்"னு ஒரு கத்தல். கதவு திறந்து வெளிய வர்றாரு, பட்டு வேட்டிக் கரை எல்லாம் அழுக்குத் தண்ணி. உள்ள பார்த்தா கம்மோடு ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது, அடியிலருந்து தண்ணி ஊறிக்கிட்டு வருது. "இந்து, உள்ள வா"ன்னு மட்டும் சொன்னாரு. ரூம் கதவைச் சாத்தினாரு.

சத்தம் போட்டாரு. "உங்கப்பனுக்கு"ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. அப்புறம் 'பட்'டுனு ஒண்ணு. தெருவுல பசங்க ஓலைவெடி போட்டுக்கிட்டிருந்தாங்க. வெடின்னுதான் நினைச்சேன். வடிவு அடுப்படியிலருந்து வந்து என் முகத்தையே பார்த்தா. நான் பக்கெட்டையும் துணியையும் எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிட்டேன். வேற என்ன செய்யறது, தண்ணி ஹாலுக்கு வந்துக்கிட்டிருக்கு.

மாப்பிள்ளை வேற பேன்ட் மாட்டிக்கிட்டு கார் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. லாட்ஜுக்குத்தான். மறுபடியும் லாட்ஜ்! பவுல்ராஜுக்குப் போன் போட்டேன், எடுக்கல. கடை ஒண்ணும் திறக்கல, பண்டிகை நாள்ல எவன் திறப்பான். சரி, நாமளே பார்த்துருவோம்னு வேட்டியை மடிச்சுக் கட்டினேன்.

தண்ணியை அடைச்சேன். தொட்டித் தண்ணியைக் காலி பண்ணி, அடியில நின்னதைத் துணியால ஒத்தி எடுத்தேன். நட்டைக் கழட்டி, கம்மோடைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கி சாக்கு மேல படுக்க வச்சேன். இந்த வயசுல தூக்கினேன் தம்பி. குழாய் வாயில துணியைத் திணிச்சேன், இல்லேன்னா நாத்தம் ஆளைத் தூக்கிரும். அப்புறம் குனிஞ்சு பார்த்தா, வளையம் பாதி பிளந்து கிடக்கு. போல்ட் மாட்டற இடமே போச்சு. அதுக்கு அடியில காங்கிரீட் பொரபொரன்னு, விரல் பட்டாலே உதிருது. ஸ்க்ரூ பிடிச்சிருந்த ஓட்டை குழியா விரிஞ்சு கிடக்கு.

அப்போ பாப்பா வந்து நின்னா. "அப்பா, நான் லைட்டு பிடிக்கட்டுமா?" போன் லைட்டைப் பிடிச்சா. நான் உடைஞ்ச துண்டை எடுத்துட்டு, உதிர்ற காங்கிரீட்டை உளியால சுரண்டிக்கிட்டிருந்தேன். பாப்பா மெதுவாச் சொன்னா, "அப்பா, நான் திரும்பி சென்னைக்குப் போகலப்பா."

நான், "லைட்டை இந்தப் பக்கம் காட்டு"ன்னேன்.

காட்டினா. வெளிச்சம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. "ஆட்டாமப் பிடி பாப்பா, உளி தள்ளிப் போயிரும்"னு அதட்டினேன். மறுபடியும் சொன்னா, "நிஜமாத்தான்ப்பா சொல்றேன். என்னால முடியல." எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நம்ம வீட்டு கம்மோடால பிள்ளை தலை குனிஞ்சு நிக்குது, புருஷன் முகத்துல முழிக்க வெட்கப்படுது, அப்படித்தான் தோணுச்சு. "கவலைப்படாத பாப்பா, நாளைக்குக் காலையில மாப்பிள்ளை வந்து உக்காரட்டும், இம்மி அசையாது"ன்னேன். அதுக்கப்புறம் லைட்டு ஆடல.

மில்லுல இருந்து கொண்டு வந்த இரும்புப் பட்டை ஒண்ணு பரண்ல கிடந்துச்சு. அதை அறுத்து, வளைச்சு, பிளந்த பக்கத்துக்கு அரை வட்டமா ஒரு வளையம் பண்ணேன். பழைய ஓட்டையை விட்டுத் தள்ளி, கெட்டியான காங்கிரீட்டாப் பார்த்துப் புது ஓட்டை போட்டு அதை முடுக்கினேன். குழியைச் சிமெண்ட் வச்சு அடைச்சேன். பாப்பாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக் கம்மோடை இறக்கினோம். போல்ட் ரெண்டும் ஓட்டை வழியா நேரா மேல வந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நட்டை விரலாலதான் முடுக்கினேன். சுத்திலும் வெள்ளை சிமெண்ட் வச்சுப் பூசிட்டு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். நாளைக்கு வரைக்கும் ஒருத்தரும் இதுல உக்காரக் கூடாது. கை கூட வைக்கக் கூடாது. அசைஞ்சா அவ்வளவும் வீண்.

காபி ஆறிருச்சு பாருங்க. வேற போடச் சொல்லவா? வேண்டாமா, சரி.

மத்தியானம் விருந்து சமைச்சு வச்சிருக்கு. மாப்பிள்ளை வந்தாரு. இலைப் பக்கமே திரும்பல. "கிளம்பு, போகலாம்"னாரு பாப்பாகிட்ட. ரெண்டு நாள் இருக்கறதாப் பேச்சு. நான் கெஞ்சினேன். "மாப்பிள்ளை, சரி பண்ணிட்டேன், காலையில வரைக்கும் பொறுங்க"ன்னேன். அவரு என் முகத்தைப் பார்க்கவே இல்ல. "எந்திரிடி"ன்னாரு. பாப்பா எந்திரிச்சா. நேரா இதுக்குள்ள வந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா.

ஓடி வந்து கதவுல வாயை வச்சு என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்பா, அதுல உக்காந்துராத! ஈரமா இருக்கு!"

உள்ளேருந்து சொன்னா, "நின்னுக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன்."

அழுகைக் குரல் இல்ல. சாதாரணமாச் சொன்னா. அப்படிப்பட்ட பிள்ளை தம்பி அவ. சின்ன வயசுலருந்து சொன்ன பேச்சு மீறினதே கிடையாது.

மாப்பிள்ளை கதவைத் தட்டினாரு. "வெளிய வா, இல்ல நடக்கறதே வேற"ன்னு கத்தினாரு. தாழ்ப்பாள் திறக்கல. வடிவு அழ ஆரம்பிச்சுட்டா. எதிர்வீட்டு வாத்தியார் வீட்டுல எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. நான் ஓரமாத்தான் நின்னேன். சத்தியமாச் சொல்றேன், புருஷன் பொண்டாட்டி விஷயம், நம்ம தலையிடக் கூடாதுன்னு ஓரமாத்தான் நின்னேன். அப்புறம் அவரு காலைத் தூக்கி ஒரு உதை விட்டாரு. அதுலதான் இந்தப் பலகை பிளந்துச்சு. தாழ்ப்பாள் ஒரு பக்கம் தொங்கிருச்சு. இன்னொரு உதை விட்டா கதவு உள்ள பறக்கும். பறந்தா நேரா கம்மோடு மேலதான் போய் மோதும். அவ்வளவு வேலையும் ஒரு நொடியில போச்சு. எனக்கு அதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

குறுக்க போய் விழுந்தேன். கதவுல முதுகைக் குடுத்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டேன். "என்னை உதைச்சுட்டு அப்புறம் கதவை உதைங்க மாப்பிள்ளை"ன்னேன். அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு சொல் சொன்னவன் இல்ல நான். "தள்ளுங்க"ன்னாரு. "தள்ள மாட்டேன்"னேன். சட்டையைப் பிடிச்சாரு. வாத்தியார் உள்ள வந்துட்டாரு. மாப்பிள்ளை கையை எடுத்துட்டு, "உங்க பொண்ணை நீங்களே வச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டுக் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சுப் பாப்பா கதவைத் திறந்தா. முதல்ல கம்மோடைத்தான் பார்த்தேன். அசையல. பூசின சிமெண்ட்ல ஒரு கீறல் இல்ல. இந்தச் சுவரோரமா, ஈரத்துல கால் படாம, குறுக்கிக்கிட்டு நின்னிருக்கா. அப்புறம்தான் அவ முகத்தைப் பார்த்தேன். இடது கன்னத்துல விரல் விரலா தடிச்சுக் கிடக்கு. காலையில கேட்டது ஓலைவெடி இல்ல. அந்தக் கன்னத்தோடதான் எனக்கு லைட்டு பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. நான் பார்க்கல. வளையத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. நான் ஒரு நாள் கை ஓங்கினதில்ல.

அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதா. "நீங்க குறுக்க நின்னீங்களேப்பா, அது போதும்ப்பா"ன்னா.



அதுலருந்து இதே பேச்சுத்தான். வாத்தியார் தெருவெல்லாம் சொல்றாரு, "பொண்ணுக்காக மனுஷன் எப்படி நின்னாரு தெரியுமா"ன்னு. வடிவு எனக்கு இலையில கூட ஒரு வடை வைக்கறா. இத்தனை வருஷத்துல அவ என்னை அப்படிப் பார்த்ததில்ல. எனக்கு ஒவ்வொண்ணும் முள்ளாக் குத்துது. நான் கம்மோடுக்காகத்தான் நின்னேன் தம்பி. கதவு போய் மோதிரக் கூடாதுன்னு நின்னேன். அதை யாருகிட்டச் சொல்றது? உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன். என்ன சிரிக்கிறீங்க? கதவு பறந்திருந்தா முதல்ல பாப்பா மேலதான் பட்டிருக்கும்ங்கறீங்களா? ஆமா, கதவுக்கும் கம்மோடுக்கும் நடுவுலதான நின்னா. நான் அதை நினைக்கல. நினைச்சேனா... இல்ல, நினைச்ச ஞாபகம் இல்ல.

நேத்து சம்மந்தி போன் பண்ணாரு. கோபமாப் பேசல, நல்லாத்தான் பேசினாரு. "சின்னஞ்சிறுசுக, கை நீட்டறதெல்லாம் எந்த வீட்டுல இல்ல? பெரியவங்க ரெண்டு பேரோட வர்றேன், சமாதானமா அனுப்பி வைங்க"ன்னாரு. நான், "வாங்க"ன்னு சொல்லிட்டேன். வாங்கன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது, சம்மந்தி இல்லையா? அதைக் கேட்டதுலருந்து பாப்பா சாப்பிடல. ராவெல்லாம் தூங்கல. காலையில வந்து என்கிட்ட கேட்டா, "அப்பா, அன்னைக்கு மாதிரி நிப்பீங்கல்ல?"

அதுதான் தம்பி என்னை வதைக்குது. அன்னைக்குச் சிமெண்ட் ஈரமா இருந்துச்சு. எனக்கு நிக்கறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இன்னைக்கு நல்லாக் காஞ்சு இறுகிப் போச்சு. நானே ஏறி உக்காந்து பார்த்துட்டேன், யானை உக்காந்தாலும் அசையாது. அப்போ இன்னைக்கு நான் குறுக்க போய் நின்னா, ஏன்யா நிக்கறேன்னு நாலு பெரிய மனுஷங்க கேட்டா, என் மகளை அடிச்சவன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு நான் வாயைத் திறந்து சொல்லியாகணும். அந்த மாதிரி நான் பேசினதே இல்ல. எனக்கு வருமான்னு தெரியல.

இருங்க. கார் சத்தம் கேக்குதுல்ல? நம்ம வாசல்லதான் நிக்குது. கொஞ்சம் கையை நிறுத்துங்க தம்பி.

இல்ல, நீங்க போக வேண்டாம், உங்க வேலையைப் பாருங்க. கதவு பாதியில கிடந்தாக் கிடக்கட்டும். என் சட்டையை எடுத்துக் குடுங்க. பட்டன் போட வரல. பரவால்ல, இப்படியே போறேன்.

ஏ வடிவு, பாப்பா எங்க? ரூமுக்குள்ளயா? ஒளிய வேண்டாம்னு சொல்லு. ஹால்ல நாற்காலியைப் போட்டு அவளை உக்காரச் சொல்லு. நான் நின்னுக்கறேன்.